இருபது பல் பூண்டும் ஏழு நாள் இடைவெளியும்

1

2025 ஜூன் 17, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். அடிலெய்டில் இது குளிர்காலம். ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் ஈரம் கோத்திருந்தது, துணியால் துடைத்தேன். காப்பி போட்டேன். முந்தைய நாள் குறிப்பை வாசித்து ஒரு பிழையைத் திருத்தினேன். ஏழு மணிக்கு எடைக்கல் பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். கடைத் தராசுகள் சரியாக எடை காட்டுகின்றனவா என்று சோதித்து முத்திரை ஒட்டுவது என் வேலை. அன்று இரண்டு இறைச்சிக் கடைகள், ஒரு பழக்கடை. பழக்கடைத் தராசு ஐந்து கிராம் கூடுதலாகக் காட்டியது. கடைக்காரர், “ஐந்து கிராம்தானே” என்றார். எல்லா ஊர்க் கடைக்காரர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். எங்கள் அப்பாவும் கடைக்காரர்தான், அவரும் சொல்லியிருக்கிறார். முத்திரை ஒட்டாமல், திருத்தச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்று அப்பாவின் தவசம். ஆனி மாதத் தேய்பிறைச் சஷ்டி. அப்பா போய் இருபத்தாறு வருடங்கள் ஆகின்றன. ஊரில் அண்ணன் ஐயரை வைத்து முறையாகச் செய்துவிடுவார். நான் இங்கே கடைப்பிடிப்பது ஒன்றே ஒன்றுதான்: அன்றைக்கு வீட்டில் வெங்காயமும் பூண்டும் கிடையாது. என் மனைவி செண்பகம் மிளகு ரசமும் வாழைக்காய்ப் பொரியலும் வைத்திருந்தாள். பூண்டில்லாத ரசம் குடிக்கும்போதுதான் அப்பாவின் நினைவு சரியாக வருகிறது. பூண்டில்லாமல் ரசம் வைத்தால் அவர் தட்டை நகர்த்திவிடுவார்.

மாலை ஆறரைக்கு மதினி கூப்பிட்டார். ஊரில் அப்போது பகல் இரண்டரை. மதினி தானாக என்னைக் கூப்பிடுவது அபூர்வம்.

“தம்பி, வேலைல இருக்கியளா?”

“இல்ல மதினி, வீட்லதான். தவசம் நல்லபடியா முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது. ஐயர் போயாச்சு. காக்காய்க்கு வச்சாச்சு. அதுக்கெல்லாம் முந்தி, விடியக்காலமே உங்க அண்ணன் பூண்டு தின்னாச்சு.”

“தவசத்தன்னைக்கா மதினி?”

“அடுப்படில வச்சுத் தின்னா நான் பாத்துருவேன்னு மாடியில தண்ணி டேங்குக்குப் பின்னாடி நின்னு திங்காக. எனக்கு மணம் தெரியாதா? பெத்த அப்பாவுக்குத் தவசம். வாயில பூண்டு நாத்தத்தோட உக்காந்து எள்ளுந் தண்ணியும் விடுதாக. நான் யாருகிட்டச் சொல்ல?”

அப்புறம் குரல் தாழ்ந்தது. “அதுகூடப் போகட்டும் தம்பி. டாக்டர் குடுத்த ரெண்டாவது நாளும் நேத்தோட போயிட்டு. போக மாட்டேன்னுட்டாக. நீங்க சொன்னாத்தான் கேப்பாக.”

நான் சொல்லி அண்ணன் கேட்டதாக என் ஐம்பத்து இரண்டு வருடங்களில் ஒரு சம்பவமும் இல்லை. இருந்தாலும் சொல்லிப் பார்க்கிறேன் என்றேன்.

2

வாசிக்கிறவர்களுக்காக விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் பெயர் சங்கரலிங்கம், அறுபத்தொரு வயது. சங்கரன்கோவில் ரத வீதியில் அப்பா வைத்த பலசரக்குக் கடையை நடத்துகிறார். சித்திரை மாதத்திலிருந்து அவருக்கு வெளிக்குப் போகும்போது சில நாட்கள் ரத்தம் வருகிறது. அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. அப்பா அதை மூலம் என்று சொல்லிக்கொண்டு, கோயிலில் கொடுக்கும் புற்று மண்ணைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துக்கொண்டு மாதங்களைக் கடத்தினார். குடலில் புற்றுநோய் என்று தெரிந்தபோது டாக்டர்கள் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். ஆகையால் திருநெல்வேலி டாக்டர் அண்ணனிடம் சுற்றி வளைக்கவில்லை. குழாய் விட்டுக் குடலைப் பார்த்துவிட வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார்.

அண்ணன் பயந்துபோய்த்தான் மறுக்கிறார் என்று நினைத்தேன். பயம் இல்லை, பூண்டு.

இரண்டு வருடங்களுக்கு முன் யாரோ அனுப்பிய வீடியோ ஒன்றில், பூண்டு தின்றால் புற்றுநோய் அண்டாது என்று ஒருவர் சொன்னாராம். அப்பா போன விதத்தைப் பார்த்திருந்த அண்ணனுக்கு அது உடனே பிடித்துக்கொண்டது. தினமும் காலையில் வெறும் வயிற்றில் இருபது பல், பச்சையாக. நறுக்கிப் பத்து நிமிடம் வைத்திருந்து, மோர் ஊற்றி விழுங்குவார். கடைக்கு வருகிறவர்களுக்கும் இதையே சொல்லுவார். அரை கிலோ வாங்கினால் வைத்திய ஆலோசனை இலவசம். பக்கத்துக் கடைக்காரர்கள் அவருக்குப் ‘பூண்டு அண்ணாச்சி’ என்று பெயர் வைத்துவிட்டதாகவும், அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை என்றும் மதினி சொல்லியிருக்கிறார்.

பரிசோதனைக்கு முன்னால் டாக்டர் வழக்கம்போலக் கேட்டிருக்கிறார்: மாத்திரை, லேகியம், நாட்டு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா? அண்ணன் பெருமையாக இருபது பல் கணக்கைச் சொன்னார். டாக்டர், “இந்த அளவு போனா ரத்தம் உறையிறது தாமதமாகும். உள்ளே சதை வளர்ந்திருந்தா அங்கேயே வெட்டி எடுக்கணும், ரத்தம் நிக்கணும். டெஸ்டுக்கு முன்னாடி ஏழு நாள் பூண்டை நிறுத்திடுங்க” என்றார்.

அங்கேதான் மாட்டிக்கொண்டது.

தவசத்தன்று இரவே அண்ணனைக் கூப்பிட்டேன். கடையில் இருந்தார், பின்னால் யாரோ பொரிகடலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“ஏலே, நீ படிச்சவன். நீயே சொல்லு. புத்து வரக் கூடாதுன்னுதான் பூண்டு திங்கேன். புத்து இருக்கான்னு பாக்கணும்னா பூண்டை நிறுத்துங்கான். அந்த ஏழு நாள்ல புத்து வந்துட்டுன்னா? அவனா வந்து நிப்பான்?”

“ஏழு நாள்ல அப்படில்லாம் வராதுண்ணே.”

“உன்கிட்டச் சொல்லிட்டா வரும்?”

“ரத்தம் வருதுல்லா?”

“அது உள்ள கெடந்த கெட்டதைப் பூண்டு வெளிய தள்ளுது. தள்ளட்டும்.”

“அப்பாவும் தெனமும் பூண்டு சாப்பிட்டாகளே. ராத்திரி அம்மா நல்லெண்ணெயில வதக்கி வைப்பாள்லா?”

“அதாம்லே தப்பு. வதக்குனா சத்துப் போயிரும். பச்சையா, நறுக்கி, பத்து நிமிசம் காத்தாட வச்சுத் திங்கணும். அப்பாவுக்கு அது தெரியாது.”

“சரி, தவசத்தன்னைக்குமா திங்கணும்?”

“அப்பா ஒண்ணும் நெனைக்க மாட்டாரு. அவரும் பூண்டு வித்துத்தான நம்மளை வளத்தாரு.” பிறகு பொரிகடலைக்காரரிடம் திரும்பி, “நூறா, எரநூறா?” என்றார். என்னிடம், “வேற என்ன, அங்கன குளிரா?” என்றார்.

எடைக்கருவி ஒன்று தப்பாகக் காட்டினால் எந்தப் பக்கம், எத்தனை கிராம் என்று கண்டுபிடித்துத் திருத்திவிட முடியும். அண்ணனின் தராசில் எந்தக் கல்லை வைத்தாலும் முள் பூண்டுப் பக்கமே சாய்ந்தது. பூண்டு தின்றவருக்கு நோய் வந்தால் தின்ற முறை தப்பு. வராவிட்டால் பூண்டு காத்தது.

3

இந்த நாட்டில் பூண்டோடு எனக்கு இருக்கும் உறவையும் எழுதிவைக்க வேண்டும்.

என் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பூண்டு ரொட்டி சூடு பண்ணினால், “என்ன வாசனை!” என்று நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். நான் பூண்டுக் குழம்பைச் சூடு பண்ணினால் ஒருவர் எழுந்து போய், ஒன்றும் சொல்லாமல், ஜன்னலைத் திறப்பார். ரொட்டிக்குள் போன பூண்டு இந்த நாட்டுப் பிரஜை. குழம்புக்குள் இருப்பது இன்னும் விசாவில்தான் இருக்கிறது.

போன தடவை ஊருக்குப் போய்த் திரும்பியபோது அண்ணன் இரண்டு கிலோ மலைப்பூண்டு கட்டிக் கொடுத்திருந்தார். விமான நிலையத்தில் நான் மறைக்கவில்லை. மறைக்கும் பழக்கம் எனக்கு இல்லை. அட்டையில் எழுதிக் காட்டினேன். கையுறை போட்ட அதிகாரி பெட்டியைத் திறந்து, எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டார். என் அண்ணன் கணக்குப்படி ஒரு மாதத்துக்குத்தான் வரும் என்றேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அத்தனையையும் எடுத்துக் குப்பையில் போட்டார். ஊறுகாயை மட்டும் விட்டார். அண்ணனிடம் இதைச் சொன்னபோது, “அவனுக்குத் தெரியும்லே அதோட மதிப்பு. அவன் வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பான்” என்றார்.

இங்கே ஐம்பது தாண்டியவர்களுக்கு அரசாங்கமே ஒரு சோதனைப் பெட்டியைத் தபாலில் அனுப்புகிறது. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. நாமே இரண்டு தடவை மாதிரி எடுத்து, குப்பியில் அடைத்து, தேதி எழுதி, தபாலில் சேர்க்கும்வரை குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். போன வருடம் எனக்கு வந்தது. குறிப்பைப் படித்து எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். குளிர்சாதனப் பெட்டியில் இடம் இட்லி மாவுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. செண்பகம் மாவைத் தூக்கிக் கொட்டிவிட்டு, ஒரு வாரம் என்னோடு அளந்துதான் பேசினாள். முடிவு ‘ஒன்றுமில்லை’ என்று வந்தது. அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு அண்ணனுக்கு முன்மாதிரியாக இருக்கலாம் என்று எண்ணி எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன்.

“ஏலே, பிரிட்ஜுலயா வச்ச?”

“கவர்ல போட்டு மூடித்தாண்ணே.”

“சோறு வைக்கிற எடத்துல? அந்த ஊர்ல மனுசன் இருப்பானா? பேசாம இங்கன வந்துரு.”

தவசம் முடிந்த அந்த வாரம் வேலையிலும் நான் சரியாக இல்லை. கூட வேலை செய்கிறவர் என்ன விஷயம் என்று கேட்டார். அண்ணனுக்கு ‘மோஷன்’ பிரச்சினை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ஊரில் எல்லா டாக்டரும் சொல்லும் சொல்தானே. அவர் அதை நடமாட்டப் பிரச்சினை என்று எடுத்துக்கொண்டு மிகவும் வருந்தி, தன் அம்மாவுக்கு மூட்டு மாற்றிய டாக்டரைப் பற்றி எனக்கு நிறையச் சொன்னார். நன்றி சொன்னேன். இருபத்திரண்டு வருடங்கள் இங்கே இருந்த பிறகும், உடம்பின் கீழ்ப்பாதியைப் பற்றிப் பேச என்னிடம் இருப்பது திருநெல்வேலி ஆஸ்பத்திரி ஆங்கிலம்தான்.

4

ஜூன் 22, ஞாயிற்றுக்கிழமை. நிவேதா வந்தாள். எங்கள் ஒரே மகள், இருபது வயது. பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படிக்கிறாள். சிநேகிதிகளோடு தனி வீடு எடுத்திருக்கிறாள். ஞாயிறுதோறும் அழுக்குத் துணி மூட்டையோடு வந்து, எங்கள் இயந்திரத்தில் துவைத்து, காயும்வரை எங்களோடு இருப்பாள். துணி காய்கிற நேரம்தான் எங்களுக்கு அவளோடு கிடைக்கும் நேரம். வெயில் காலத்தில் அது இன்னும் குறைவு.

அவளிடம் பூண்டுக்கும் புற்றுநோய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். ஒரு மணி நேரம் மடிக்கணினியில் படித்தாள். நான் பெருமையோடு அண்ணனை வீடியோவில் கூப்பிட்டு அவள் முன்னால் வைத்தேன். என் திட்டம் எளிமையானது: படித்த பெண், தன் வாயால் ‘பூண்டால் ஒன்றும் ஆகாது’ என்று சொல்லிவிட்டால் போதும்.

“பெரியப்பா, பூண்டு நிறைய சாப்பிடுறவங்களுக்கு வயித்துல, குடல்ல கேன்சர் கொஞ்சம் கம்மின்னு சில ஸ்டடீஸ்ல தெரியுது. வேற சிலதுல அப்படித் தெரியல. பூண்டு சாப்பிடுறவங்க காய்கறியும் நிறைய சாப்பிடுறவங்களா இருக்கலாம், சிகரெட் பிடிக்காதவங்களா இருக்கலாம். அதனால பூண்டுதான் காரணம்னு சொல்ல முடியாது. ஆனா, இல்லவே இல்லைன்னும் சொல்ல முடியாது.”

அண்ணன் முகம் திரை முழுக்க மலர்ந்தது. “ஏலே, கேட்டியா? இல்லவே இல்லைன்னு சொல்ல முடியாதாம். பிள்ளை நல்லா படிச்சிருக்கு. ஒன்ன மாதிரி இல்ல.”

“பெரியப்பா, இன்னும் முடிக்கல. வராம தடுக்குமாங்கிறதுதான் கேள்வி. ஏற்கெனவே இருக்கிறதை பூண்டு சரி பண்ணும்னு யாரும் காட்டல. ரத்தம் வருதுன்னா உள்ளே பாத்தே ஆகணும்.”

“சரி மக்கா, கடைல ஆள் வந்துட்டு. நல்லா படி. பூண்டு சாப்பிடு.” திரை இருண்டது.

“ஏம்மா, ‘பூண்டுல ஒண்ணும் கிடையாது’ன்னு ஒரே வார்த்தையில சொல்லியிருக்கலாமே. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்” என்றேன்.

“அது பொய்ப்பா.”

“சின்னப் பொய்தானே.”

“நீங்க அஞ்சு கிராம் கூடக் காட்டுற தராசுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவீங்களா?”

அவள் எழுந்து துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்கப் போனாள். இந்தப் பெண் தமிழை மறந்துகொண்டிருக்கிறாள், சேலை கட்டத் தெரியாது, சங்கரன்கோவில் வெயிலில் இரண்டு நாள் தாங்க மாட்டாள், நம்மிடமிருந்து எதுவுமே இவளுக்குப் போய்ச் சேரவில்லை என்று நானும் செண்பகமும் அடிக்கடி புலம்புவோம். போயிருக்கிறது. வேண்டாத நேரத்தில் வெளியே வந்து நின்றது.

அண்ணன் அன்று மாலை முதல் கடையில், அமெரிக்காவில் படிக்கும் தம்பி மகளே பூண்டு நல்லது என்று சொல்லிவிட்டதாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஆஸ்திரேலியா என்று மதினி திருத்தினாராம். “ரெண்டும் ஒண்ணுதான், தூரந்தான்” என்றாராம்.

5

ஜூலை முதல் வாரம் மதினி மறுபடி கூப்பிட்டார். ரத்தம் நின்றபாடில்லை. அவர் அழவில்லை, அலுத்துப்போயிருந்தார். பேச்சு எங்கெங்கோ போயிற்று. கடையில் வியாபாரம் எப்படி என்று கேட்டேன்.

“இப்ப பரவால்ல. இன்னும் கொஞ்ச நாள்ல கொடியேறிரும், அப்ப பூண்டு விக்காது. ஊரே விரதம் இருக்கும்லா. உங்க அண்ணனும் பூண்டு மூட்டையை உள்ள தூக்கி வச்சுருவாக.”

எங்கள் ஊர் அம்மன் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறுவதைச் சொல்கிறார். அண்ணன் கல்யாணம் ஆன வருடத்திலிருந்து, கொடியேறிய நாள் முதல் தபசுக் காட்சி முடியும்வரை விரதம் இருக்கிறவர். வெங்காயம், பூண்டு கிடையாது. ஒரு வேளைதான் சாப்பாடு.

“விக்கிறது சரி மதினி. அண்ணன் திங்கிறது?”

“விரதத்துலயா? தொட மாட்டாக.”

“போன வருசம்?”

“போன வருசமும்தான். பன்னெண்டு நாளும் ஒரு பல்லு தொடல.”

“அந்தப் பன்னெண்டு நாள்ல புத்து வந்துரும்னு பயப்படலையா?”

“அம்மனே ஊசி முனையில ஒத்தக் கால்ல தபசு நிக்கா. அந்த நேரத்துல நம்ம ஊருக்குள்ள எதும் வருமான்னு கேப்பாக.” சொல்லிவிட்டு மதினி நிறுத்தினார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே கணக்கு வந்தது.

“தம்பி.”

“ஆமா மதினி.”

“டாக்டர்ட்ட நாளைக்கே ஆள் விட்டு நாள் கேக்கேன்.”

கொடியேறியதிலிருந்து முழுதாக ஏழு நாட்கள் பூண்டில்லாமல் போக வேண்டும், எட்டாம் நாள் பரிசோதனை, தபசுக்குள் வீடு திரும்பிவிடலாம். நாட்காட்டியில் இரண்டு முறை சரிபார்த்தேன். பரிசோதனைக்கு முந்தின நாள் கஞ்சித் தண்ணீர்தான் ஆகாரம். விரதக்காரருக்கு அதுவும் புதிதில்லை. உலகத்து ஆராய்ச்சியெல்லாம் சேர்ந்து உண்டாக்க முடியாத ஏழு நாட்களை எங்கள் ஊர் ஒவ்வொரு ஆடியிலும் தவறாமல் வைத்திருந்திருக்கிறது. நாங்கள்தான் பார்க்கவில்லை.

அண்ணனிடம் சொல்லும் வேலை எனக்கு வந்தது. நீளமாக ஒரு வாதத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன். பாதியிலேயே அவருக்கு விளங்கிவிட்டது.

“நீயும் ஒம் மதினியும் சேந்து யோசிச்சியளோ?”

“ஆமாண்ணே.”

“அம்மன் விரதத்துக்கு நடுவுல, அந்தக் கண்றாவி டெஸ்டா?”

“விரதம் கலையாதுண்ணே. வெறும் வயிறுதான்.”

கடைக்குள் மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. யாரும் ஒன்றும் வாங்க வரவில்லை.

“அப்பாவுக்கு இந்த வயசுதாம்லே” என்றார் திடீரென்று. “கல்லாப்பெட்டிக்கு முன்னால உக்காந்தா, பின்னால அவரு உக்காந்திருக்க மாதிரியே இருக்கு.” இந்த இரண்டு வருடங்களில் அவர் பூண்டைப் பற்றி அல்லாமல் அப்பாவைப் பற்றிச் சொன்ன ஒரே வாக்கியம் அது. நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் குரலை மாற்றிக்கொண்டார். “ஆனா ஒண்ணு. டாக்டர் சொன்னான்னு நான் பூண்டை நிறுத்தல. அம்மனுக்காக நிறுத்துதேன். அதை அவன்ட்டத் தெளிவாச் சொல்லிரணும்.”

சொல்லிவிடுகிறோம் என்றேன்.

6

பரிசோதனை நாளன்று எனக்கு மூன்று கடைகள். இரண்டாவது கடையில் முத்திரையைத் தலைகீழாக ஒட்டிவிட்டேன். இத்தனை வருடத்தில் முதல் தடவை. கடைக்காரர் காட்டிய பிறகு உரித்து வேறு ஒட்டினேன். தலைகீழாக இருந்தாலும் செல்லும் என்று அவர் சமாதானம் சொன்னார்.

மாலையில் மதினி பேசினார். இரண்டு இடத்தில் சதை வளர்ந்திருந்தது. ஒன்று மிளகு அளவு, இன்னொன்று பெருவிரல் நுனி அளவு. இரண்டையும் அங்கேயே எடுத்துவிட்டார்கள். ரத்தம் உடனே நின்றுவிட்டது. சதையைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், முடிவு வரச் சில நாட்களாகும். தபசன்று வருடா வருடம் போல அண்ணன் கூட்டத்துக்குள் போகவில்லை. கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மதினி அவருக்கும் சேர்த்துக் கோயிலைச் சுற்றி வந்தார். அந்த நாட்களில் நானும் செண்பகமும் வீட்டில் பூண்டு சேர்க்கவில்லை. ஏன் என்று நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழக்கிழமை, முடிவு வந்தது. சின்னதில் ஒன்றுமில்லை. பெரியது மாற ஆரம்பித்திருந்தது. ஆனால் வேர் விடவில்லை, முழுசாக எடுத்தாகிவிட்டது, இப்போதைக்கு வேறு சிகிச்சை வேண்டாம், குறிப்பிட்ட காலத்தில் மறுபடி பார்த்தால் போதும். இன்னும் ஒரு வருடம் விட்டிருந்தால் இப்படிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம் என்று டாக்டர் சொன்னதாக மதினி சொன்னார். சொல்லிவிட்டு ஃபோனை அண்ணனிடம் கொடுத்தார்.

“ஏலே, கேட்டியா? இவ்வளவோட நின்னிருக்கு. எப்படி நின்னுச்சுன்னு நெனைக்க?”

பதிலையும் அவரே சொன்னார்.

“ரெண்டு வருசமா இருபது பல்லு. இல்லன்னா அப்பா மாதிரிப் பரவியிருக்கும்.”

பின்னாலிருந்து மதினி குரல்: “அம்மன் நிப்பாட்டினா.”

“அவளுந்தான். யாரு இல்லன்னா?”

நிவேதாவிடம் சொன்னபோது, “ஒரே ஆளை வச்சு எதையும் சொல்ல முடியாதுப்பா. பூண்டு சாப்பிடாத இன்னொரு பெரியப்பா வேணும், கம்பேர் பண்ண” என்றாள். பிறகு, “பெரியப்பா நல்லா இருக்காங்கல்ல?” என்று கேட்டாள். இந்த இரண்டாவது வாக்கியத்தை அவள் சுத்தமான தமிழில், அவசரமில்லாமல் கேட்டாள்.

வெட்டிய இடம் ஆறும்வரை இன்னும் கொஞ்ச நாள் பச்சைப் பூண்டு கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வதக்கியதற்கு அந்தத் தடை பொருந்துமா என்று அண்ணன் மறுபடி ஆளனுப்பிக் கேட்டிருந்தார். வதக்கினால் சத்துப் போய்விடுமே என்றேன். “சத்துப் போனாலும் ருசி இருக்குல்லாலே” என்றார். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார்.

“நான் எதுக்குக் கூப்பிட்டேன்னா, டாக்டர் ஒண்ணு சொன்னான். அப்பாவுக்கு இருந்துச்சு, இப்ப எனக்கும் சதை இருந்துச்சு. கூடப்பிறந்தவனும் கொழாய் விட்டுப் பாக்கணுமாம்.”

“நான்தான் போன வருசம் பாத்தேனேண்ணே. ஒண்ணுமில்லன்னு கடிதாசி வந்துச்சே.”

“பிரிட்ஜுல வச்சதா? அது பத்தாதாம். கேட்டுட்டேன்.”

“பாப்போம்ணே. இப்ப வேலை கொஞ்சம் அதிகம்.”

“என்ன பெரிய வேலை? தராசு ஓடியா போகுது? நீ பூண்டும் திங்க மாட்ட, டெஸ்டும் எடுக்க மாட்ட. எதை நம்பிலே அங்கன இருக்க?”

என் பதிலுக்குக் காத்திராமல் அவரே, “ஒழுங்கா நாளைக்குக் காலையில கூப்பிட்டு நாள் வாங்கு. வாங்கிட்டு எனக்குச் சொல்லு” என்று வைத்துவிட்டார். அப்பாவுக்கு ஆரம்பித்த வயதுக்கு எனக்கு இன்னும் ஒன்பது வருடங்கள் இருக்கின்றன என்று அன்றைய குறிப்பில் எழுதினேன். எழுதியதை வாசித்தேன். பிழை ஏதும் இல்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளிக்கிழமை. எட்டு மணிக்கு டாக்டர் அலுவலகம் திறந்ததும், முதல் வேலையாக அங்கே கூப்பிட்டேன். எனக்கு முன்னால் ஆறு பேர் காத்திருப்பதாக இயந்திரக் குரல் சொல்லிவிட்டுச் சங்கீதத்தைப் போட்டது. கைபேசியை ஒலிபெருக்கியில் வைத்துச் சமையல் மேடையில் சாய்த்துவிட்டு, கூடையிலிருந்து ஒரு பூண்டை எடுத்து உடைத்து இரண்டு பல் உரித்தேன். நறுக்கினேன். பத்து நிமிடம் வைத்திருந்தேன். வரிசை நகர்வதற்கும் அதே நேரம்தான் ஆயிற்று. எதிர்முனையில் ஒரு பெண் காலை வணக்கம் சொன்னபோது, வாயிலிருந்ததை அவசரமாக விழுங்கிவிட்டு, கண்ணில் நீரோடு என் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னேன்.